நாயிடம் சொன்ன வார்த்தை

என் அக்கா ரெனியோவின் புருஷன் உரெபெதே எங்கள் வீட்டுக்கு வந்து பதினோரு வருடமாகிறது. இதுவரை என் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டையெல்லாம் இல்லை. எங்கள் சவாந்தே பழங்குடியில் மருமகன் மாமனாரின் கூரைக்குக் கீழேதான் வாழ வேண்டும். அவர் முகம் பார்த்துப் பேசக் கூடாது. பல வீடுகளில் இது தளர்ந்துவிட்டது. எங்கள் வீட்டில் இல்லை. உப்பு கேட்கக்கூட நடுவில் அக்கா வேண்டும்.

நகரத்தில் படித்துவிட்டு நான் ஊர் திரும்பிய முதல் வாரம் அவரைக் கிண்டல் செய்தேன்: "அத்தான், அவர் என்ன சிறுத்தையா, கடிச்சிடுவாரா?"

"சிறுத்தைன்னா பேசியிருப்பேனே," என்றார்.

ஊர் லாரியை ஓட்டுவது அவர்தான். ஆள் மாற்றி ஆள் கட்டை சுமந்து ஓடும் எங்கள் பந்தயத்தில் பனங்கட்டையைத் தோளில் வைத்து ஓடினால் அடுத்த ஆளின் தோளுக்கு மாறும்வரை கீழே விடமாட்டார்.

போன மாதம் அந்தப் பந்தயத்துக்குத்தான் புரிச்சிப் பனை வெட்டப் போனோம். அக்காவுக்குக் கைக்குழந்தை, தூதுக்கு என்னை அனுப்பினாள். நானோ பழம் பொறுக்க ஓடைக்கு அக்கரை போய்விட்டேன்.

அப்பா பனையடியில் குனிந்து புல்லை விலக்கிக்கொண்டிருந்தார். கயிற்றோடு வந்த அத்தான் சட்டென்று நின்றார். அப்பாவின் இடது குதிகாலுக்கு ஒரு சாண் தள்ளிக் கிலுகிலுப்பைப் பாம்பு சுருண்டு கிடந்தது. அப்பாவுக்குக் காது மந்தம், அது வாலைக் கிலுகிலுத்தது கேட்கவில்லை. அத்தான் என்னைத் தேடினார். நான் வந்து தூது சொல்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

முகத்தை லாரிப் பக்கம் திருப்பிக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினார்.

"பிரெத்து! அசையாதீங்க! உங்க இடது காலுக்குப் பின்னால பாம்பு! வலது பக்கமா மெதுவா வந்துருங்க!"

பிரெத்து எங்கள் கறுப்பு நாய். லாரிக்கடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அதை யாரும் அவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டதில்லை. தலையைத் தூக்கி விழித்தது.

அப்பா கல்லாய் நின்றார். பிறகு வலது பக்கம் ஓரடி. இன்னும் ஓரடி. அத்தான் நீளக் கம்பால் பாம்பை ஓடைப்பக்கம் தள்ளிவிட்டார். பனங்கட்டையைப் போலவே அந்த மரியாதையையும் அவர் கீழே போடவில்லை.

அப்பா வியர்வையைத் துடைத்துக்கொண்டு நாயைப் பார்த்துச் சொன்னார்: "பிரெத்து, உன் கண்ணு நல்ல கண்ணுடா. இன்னைக்குக் கறியில உனக்குப் பெரிய பங்கு."



சாயங்காலம் ஆண்கள் கூடும் நடுத்திடலில் அப்பா நாயின் பெருமையைச் சொல்லியிருக்கிறார். சிரிப்பு எங்கள் வாசல்வரை கேட்டது. சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் அக்கா காட்டுப்பன்றித் தொடையை அத்தான் முன்னால் வைத்தாள்.

"அப்பா இத நாய்க்குக் குடுக்கச் சொன்னாரு."

அத்தான் கத்தியெடுத்து அதை இரண்டாக வெட்டினார்.

"நாய்க்கு இவ்வளவு எதுக்கு? பாதிய பெரியவருக்கு வை. நாய் குடுத்துச்சுன்னு சொல்லு."