கேசட்டில் தூசி

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் திருவண்ணாமலையில் ஒரு தனியார் ஸ்கேன் சென்டரில் டெக்னீஷியனாக இருந்தேன். மார்பகப் படம் எடுப்பதும், இருட்டறையில் ஃபிலிமைக் கழுவுவதும் என் வேலை. பார்த்து ரிப்போர்ட் எழுதுவது டாக்டர்.

என் அக்கா வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசில் வேலை பார்த்தாள். அவளுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. நாற்பத்தெட்டு வயதாகிவிட்டது, ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று நான்தான் வற்புறுத்தி வரவழைத்தேன்.

ஃபிலிம் காய்ந்ததும் விளக்குப் பெட்டியில் மாட்டினேன். இடது மார்பில் ஓர் ஓரமாக, ரவை சிந்தினாற்போல நாலைந்து வெள்ளைப் புள்ளிகள். டாக்டரிடம் காட்டினேன்.

"கேசட்ல தூசி இருந்தா இப்படித்தான் விழும். தொடைக்கிறதே இல்லியா நீ?" என்றார்.

எனக்கு முகம் சுண்டிப்போனது. ஃபிலிம் வைக்கும் அந்தக் கேசட்டைத் திறந்து பிரஷ்ஷால் துடைத்தேன். துடைத்த பிறகு இன்னொரு படம் எடுத்திருக்கலாம். புள்ளி போகிறதா, அங்கேயே நிற்கிறதா என்று தெரிந்திருக்கும். கேட்டால் மறுபடி திட்டுவார் என்று விட்டுவிட்டேன்.

"ஒண்ணுமில்லக்கா. நார்மல்னு எழுதிட்டாரு" என்று அவளை அனுப்பிவைத்தேன்.

ஒன்றரை வருடம் கழித்து, குளிக்கும்போது கட்டி தட்டுப்பட்டதாக அவளே வந்து சொன்னாள். சென்னையில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே டிஜிட்டல் மெஷின். படம் நேராகக் கம்ப்யூட்டர் திரைக்கு வந்தது. டாக்டரம்மா அதைப் பெரிதாக்கி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு நான் கொண்டுபோயிருந்த பழைய ஃபிலிமை மாட்டி, லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"இந்தப் புள்ளிங்க அதே எடத்துல அப்பவே இருக்குதேம்மா. யாரு பார்த்தாங்க இத?"

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"நீ பார்த்தியா?"

"பார்த்தேன்க்கா."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திண்டிவனம் தாண்டியும் திரும்பவில்லை.

மறுநாள் அந்த ஃபிலிமை எங்கள் டாக்டர் மேசையில் வைத்தேன். உறையிலிருந்து எடுக்கக்கூட இல்லை அவர்.

"ஃபிலிம்ல அவ்ளோதாம்மா தெரியும். டிஜிட்டல் மாதிரி வராது."

புள்ளிகள் எனக்குத் தெரிந்ததே அந்த ஃபிலிமில்தான். உறையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அக்காவுக்கு மார்பை எடுத்தார்கள். அப்புறம் மூன்று வருடம் இருந்தாள். என்னோடு பேசினாள், சாப்பிட்டாள். உடம்பைப் பற்றி மட்டும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லமாட்டாள்.

அவள் போன மறுவருடம் எங்கள் சென்டரிலும் டிஜிட்டல் மெஷின் வந்தது. இனி எதுவும் தப்பாது என்று வாசலில் போர்டு வைத்தார்கள். வேறு வேலை தேட எனக்குத் தெம்பில்லை. அதில் முதல் படத்தை எடுத்தவளும் நான்தான். படம் திரையில் வந்ததும், டாக்டர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டே அதைப் பார்த்தார்.