பச்சையம்மாளுக்கும் பங்கிருந்த ஆலை

தியாகதுருகத்துக்கு வெளியே இருந்த அரிசி ஆலையில், அவித்த நெல்லைக் களத்தில் பரப்பிக் காயவைக்கிற வேலை பச்சையம்மாளுக்கு. பிள்ளையில்லாத முதலாளி, வயதாகி நடத்த முடியாமல் போனபோது, ஆலையைத் தொழிலாளர்களுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். வட மாவட்டங்களில் பெரிய சாலை மறியல் நடந்த அதே வருடம், தை மாதம்.

எல்லோருக்கும் சம பங்கு. காலையில் களத்தில் கூடிப் பேசிவிட்டுத்தான் வேலை. எந்த வியாபாரியின் நெல்லை முதலில் அவிப்பது என்று பேச்சு வந்தபோது, மூத்தவரான தனசேகரன், "நீ இன்னா சொல்ற பச்சையம்மா?" என்று கேட்டார். அதுவரை யாரும் அவளிடம் எதையும் கேட்டதில்லை, வீட்டிலும்கூட. என்ன பதில் சொன்னாள் என்பது மறந்துபோனது. எல்லா முகங்களும் தன் பக்கம் திரும்பிக் காத்திருந்தது மறக்கவில்லை.

தொல்லைகள் சீக்கிரமே வந்தன. உமி நீக்கும் இயந்திரத்தின் ரப்பர் உருளை தேய்ந்தபோது, புதிது வாங்கலாம் என்றாள். ஆடித் திருவிழாவுக்கு லாபப் பங்கைப் பிரித்துவிடலாம் என்று கை தூக்கியவர்களே அதிகம். தேய்ந்த உருளையில் அரிசி நொறுங்கியது. நேரம் கழித்து வருகிறவர்களை யாரும் கண்டிக்கவில்லை. எல்லோரும் உறவுக்காரர்கள், இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரர்கள். பாய்லரைப் பார்த்துக்கொண்ட பாவாடை என்பவனுக்குக் களம் பெருக்குகிறவரோடு ஒரே பங்கு என்பது உறுத்தியது. உளுந்தூர்பேட்டை ஆலையொன்றில் அதிகக் கூலிக்குச் சேர்ந்துவிட்டான். பச்சையம்மாள் பஸ் ஏறிப் போய்க் கூப்பிட்டாள்.

"கூடிக் கூடிப் பேசிக்கினே இருந்தா நெல்லு எப்பக்கா வேகும்? எனக்கு மூணு புள்ளைங்க," என்றான். அவள் அடுத்த பஸ்ஸில் தனியாகத் திரும்பினாள்.

புரட்டாசியில் ஒரு சாதியினர் இட ஒதுக்கீடு கேட்டு மறியல் செய்தார்கள். சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டார்கள். நெல் லாரிகள் வரவில்லை. ஆலையில் அந்தச் சாதிக்காரர்களான பாதிப் பேர் மறியலுக்குப் போனார்கள். வேறு சாதிக்காரர்களான மீதிப் பேர் வெளியே வரவே பயந்தார்கள். முன்பு ஆலை நின்றால் முதலாளியிடம் கை நீட்டலாம். இப்போது நஷ்டமும் சம பங்கு. சாலை திறந்த பிறகும் அவர்களால் பழையபடி ஒன்றாக உட்கார முடியவில்லை. ஐப்பசியில் ஆலையை ஒரு வியாபாரிக்கு விற்றார்கள்.

வியாபாரி நல்லவர். சனிக்கிழமை தவறாமல் கூலி வந்தது. ஒருநாள் வானம் மூடியிருந்தது. இன்றைக்குப் பரப்ப வேண்டாமே என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் பரப்பச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மழை வரவில்லை, அவர் நினைத்ததுதான் சரி. ஆனாலும் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பல வருடம் கழித்து, கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் பாவாடையைப் பார்த்தாள். பங்கு போட்டு நடத்திய அந்த ஆலை எப்படியும் ஓடியிருக்காது என்றான். ஏன் ஓடாது என்பதை அவனைவிட அவளால் நன்றாகவே சொல்ல முடியும்.

"ஓடாதுதான்," என்றாள். "ஆனா இன்னொரு தபா யாராச்சும் ஆரம்பிச்சா, மொத ஆளா போயி நிப்பேன்."

பாவாடை சிரிக்கவில்லை. அவள் பையை வாங்கிக்கொண்டு, தியாகதுருகம் பஸ்ஸில் இடம் பிடிக்கப் போனான்.