பொட்டு வைத்த பிஸ்கட்

பிஸ்கட் பாக்கெட்டை மேசையில் கவிழ்த்து, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டுகிறாள் மோகனப்ரியா. சிவப்புப் பொட்டு மருத்துவமனைக்கு. பச்சை வங்கிக்கு. கருப்பு, யாருக்கும் காட்டக் கூடாததற்கு. ஒட்டி முடித்ததும் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பிஸ்கட்டுகளை ஒரு டைலிலிருந்து அடுத்த டைலுக்கு விரலால் தள்ளிக்கொண்டு போகிறாள். ஒவ்வொரு டைலும் கணினி நிரலில் ஒரு படி. மடியில் அச்செடுத்த தாள்கள். ஒரு பிஸ்கட் நடுவழியில் நின்றுவிட்டால், "இங்கிட்டு யாரு ஒன்ன மறிச்சது?" என்று அதையே கேட்பாள். வேலை முடிந்ததும் பொட்டை உரித்துவிட்டு டீயில் தொட்டுச் சாப்பிட்டுவிடுவாள்.

பொட்டு அட்டைகள் கீழேயிருந்து வருகின்றன. வல்லத்திராக்கோட்டை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, கீழே தெய்வானையின் ஃபேன்சி ஸ்டோர், மேலே மோகனப்ரியாவின் ஓர் அறையும் கம்பி போட்ட வராந்தாவும். தெய்வானை வீட்டுக்காரி, கடைக்காரி இரண்டும்.

"ஏத்தா, நெத்தி மொட்டையாக் கெடக்கு. அட்டை அட்டையா வாங்கிட்டுப் போறியே, எங்கிட்டுத்தான் ஒட்டுற?"

"பிஸ்கட்டுலக்கா."

"கேட்டேன் பாரு, என்னச் சொல்லணும்." தெய்வானை பொட்டு அட்டைக் கட்டை இழுத்துப் போட்டு, "பெரிய பொட்டா, சின்னப் பொட்டா?" என்றாள். வியாபாரம் வியாபாரம்தானே.

மோகனப்ரியா என்ன வேலை செய்கிறாள் என்பது ஊருக்குப் பிடிபடவில்லை. ஷேர் மார்க்கெட் என்கிறவர்கள் உண்டு. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் என்கிறவர்களும் உண்டு. இணைய இணைப்பைச் சரிசெய்ய வரும் ஜஸ்டின் மட்டும்தான் நேராகக் கேட்டான். அணில் கடித்த ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"அணிலுங்கக்கா. தெருவுல இத்தன லைன் இருக்கு, ஒங்க லைன்தான் அதுக்கு இனிக்குது. நீங்க நெட்டுல என்னதாங்க்கா பாக்குறீங்க? படம் ஓடுற சத்தமும் இல்ல, வீடியோ கால் பேசுற சத்தமும் இல்ல."

"பார்சல் ஆபீஸ் பாத்திருக்கீங்கல்ல ஜஸ்டின். மூட்டை மேல சீட்டு ஒட்டியிருக்கும். நெட்டுல போறதும் மூட்டைதான், பொடிப்பொடி மூட்டை. சில எடத்துல அதுக்கும் சீட்டு உண்டு. இது ஆஸ்பத்திரியோடது, இன்னார்தான் பிரிக்கலாம்னு. அந்தச் சீட்டு வழியில கிழியாமப் போகுதான்னு பாக்குறேன்."

"ஓ, கொரியரு."

"கொரியரு இல்ல. கொரியர் ஆபீஸ் கட்டுறவங்க பிளான மாத்துனா, அதுல தப்பு இருக்கான்னு பாக்குறது."

"அப்ப இன்சினியரு. நீங்க டைப் அடிக்கிறீங்கன்னுல்ல தெய்வானக்கா சொல்லுச்சு."

"டைப்பும் அடிக்கத்தான் செய்யிறேன்."

அவள் சொன்னது சரிதான். கணினியின் அடிமடியில் உட்கார்ந்து மற்ற எல்லாவற்றையும் நடத்துகிற நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். அதில் திருத்தம் சொல்ல உலகத்தில் யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் இன்னொருவர் அதை வரிவரியாகப் படித்து, பார்த்துவிட்டேன் என்று தன் பெயரைக் கீழே போட்ட பிறகுதான் அது உள்ளே போகும். அதுவும் சில வாரங்களுக்கு ஒரு சுற்று என்றுதான் சேர்ப்பார்கள். மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்டுகிற பகுதிக்கு வரும் திருத்தங்களைப் படிக்கிறவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரில் மோகனப்ரியா ஒருத்தி. சென்னையில் ஒரு நிறுவனம் இதற்காக அவளுக்குச் சம்பளம் தருகிறது.

ஊரடங்கு வருடத்தில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்தவள். அம்மா போன பிறகு அண்ணன் வீட்டை விற்றுவிட்டுக் கோயம்புத்தூருக்குப் போனான். அவள் ரோட்டைத் தாண்டி எதிர்ச்சாரி மாடிக்குக் குடிவந்தாள். அவ்வளவுதான் அவள் செய்த பயணம். நாற்பதை நெருங்குகிறாள். கல்யாணம் ஒன்று பேச்சளவில் நின்றது. அதைப் பற்றிக் கேட்டால், "அது அப்பயே முடிஞ்சிருச்சு" என்பதற்கு மேல் பேச மாட்டாள்.

தனியாக இருப்பவர்கள் எந்த தேசத்திலும் ஒரே மாதிரிதான் தட்டைக் கழுவுகிறார்கள், சாப்பிட்ட கையோடு. மோகனப்ரியாவும் அப்படித்தான். கழுவிக் கவிழ்த்துவிட்டால் சாப்பிட்ட தடமே இருக்காது. மாடிப்படிக்குக் கீழேயிருந்து தெய்வானை, "சாப்ட்டியா?" என்று குரல் கொடுத்தால், இவள் தட்டைத் தொட்டு ஈரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான், "சாப்ட்டேன்க்கா" என்பாள். பழக்கம் அப்படி ஆகிவிட்டது. "பாக்காம சொல்ல மாட்டேன்" என்பது அவள் வாயில் அடிக்கடி வரும் சொல். மணி என்ன என்று கேட்டால்கூட அதைத்தான் சொல்வாள்.

அவளுக்கு வருகிற மெயில்கள் ஏராளம். ஒன்றிலும் சௌக்கியமா என்று இருக்காது. திருத்தங்களைப் பற்றிய பேச்சு முழுவதும் எல்லோரும் படிக்கிற குழு மெயிலில்தான் நடக்கும். அதற்கென்று ஒரு மரியாதை இருக்கிறது. வந்த மெயிலை வைத்துக்கொண்டு, பதில் சொல்ல வேண்டிய வரிக்கு நேர் கீழே பதிலை எழுத வேண்டும். பதில் சொல்லப்போவதில்லை என்றால் அந்த வரியை வெட்டிவிட வேண்டும். வெட்டாமல் அனுப்புகிறவரைப் பந்தியில் எச்சில் இலையை எடுக்காமல் போகிறவரைப் போலப் பார்ப்பார்கள். மோகனப்ரியா சுத்தமாக வெட்டுவாள். அவள் பதிலில் வேண்டாத ஒரு வரி இருந்ததில்லை.

அந்தக் குழுவில் எமில் என்று ஒருவர். வடக்கே எங்கோ ஏரிகள் நிறைந்த தேசம். அவள் அவர் முகத்தைப் பார்த்ததில்லை, குரலைக் கேட்டதில்லை. அவரும் சீட்டுப் பகுதியில்தான் வேலை செய்கிறார், பெரிய நிறுவனம் ஒன்றின் சம்பளத்தில். அவரிடம் ஒரு கிறுக்குத்தனம் உண்டு. எவ்வளவு வறண்ட மெயிலாக இருந்தாலும் கடைசியில் ஒரு வரி வைப்பார். "ஏரி உறைந்துவிட்டது." "இன்று வெயில் வந்தது, எல்லோரும் தெருவில் நிற்கிறார்கள்." "நாய் படியேற மறுக்கிறது." மோகனப்ரியா மெயிலைத் திறந்தவுடன் முதலில் அடிக்குப் போய் அந்த வரியைத்தான் படிப்பாள். பிறகு மேலே வந்து நிரலைப் படிப்பாள். பதில் எழுதும்போது, பதில் சொல்லப்போவதில்லை என்பதால், அந்த வரியை வெட்டிவிடுவாள். வருடக்கணக்காக இப்படி. நாய் செத்த அன்றைக்கு, "இன்று முதல் நாய் இல்லை" என்று எழுதியிருந்தார். அதையும் வெட்டினாள். வெட்டிவிட்டு, கெர்னலில் ஏதோ ஒரு எண்ணின் அளவு போதாது என்று எழுதி அனுப்பினாள். அன்று சாயங்காலம் வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள்.

இந்த ஐப்பசியில் எமிலிடமிருந்து ஒரு திருத்தம் வந்தது. பெரிய மூட்டைகளைத் துண்டு போடுகிற வேலையை வேகமாக்கும் திருத்தம். அழகாக எழுதியிருந்தார். மற்றவர்கள் படித்துப் பெயர் போட்டுவிட்டார்கள். மோகனப்ரியாவின் பெயர் மட்டும் பாக்கி. "வாத்துகள் தெற்கே கிளம்பிவிட்டன" என்று கடைசி வரி.

அவளும் படித்துப் பார்த்தாள், குறை தெரியவில்லை. பிஸ்கட்டுகளைத் தள்ளினாள், எல்லாம் போய்ச் சேர்ந்தன. சரி என்று டீயைப் போட்டுக்கொண்டு, பொட்டை உரிக்க மறந்து ஒரு பிஸ்கட்டை இரண்டாக ஒடித்தாள். டீயில் நனைக்கப் போன கை அந்தரத்தில் நின்றது. வலது கைத் துண்டில் சிவப்புப் பொட்டு இருந்தது. இடது கைத் துண்டு வெறுமையாக இருந்தது.

மூட்டையைத் துண்டு போட்டால் சீட்டை ஒவ்வொரு துண்டுக்கும் ஒட்ட வேண்டும். எமிலின் திருத்தம் அவசரத்தில் முதல் துண்டுக்கு மட்டும் ஒட்டியது. பின்னால் வரும் துண்டுகள் யாருடையவை என்று சொல்ல எதுவும் இல்லை. ஆளில்லாத துண்டுதானே என்று வழியில் ஏதாவது ஒரு கணினி அதைத் தப்பான இடத்துக்கு விட்டுவிடும். யாரோ ஒரு நோயாளியின் ரகசியம் பாதி போய்விடும்.

பிஸ்கட் சொன்னதை நம்பி எழுதுகிறவள் இல்லை. மேசைக்கடியில் இருக்கும் பழைய கணினிகள் இரண்டை ஒயரால் இணைத்து, பெரிய மூட்டை ஒன்றை அனுப்பிப் பார்த்தாள். இரண்டாம் துண்டு வெறுமையாகத்தான் வந்தது. திரும்பவும் அனுப்பினாள். திரும்பவும் அப்படித்தான்.

அவள் பதிலை எழுதத் தொடங்குவதற்குள் எமிலிடமிருந்து இன்னொரு மெயில் வந்தது. குழுவுக்கு அல்ல, அவளுக்கு மட்டும். இத்தனை வருடத்தில் முதல் முறை. "உன் பெயருக்காகத்தான் காத்திருக்கிறேன். இங்கே ஆட்களைக் குறைக்கிறார்கள். இந்தத் திருத்தம் இந்தச் சுற்றில் உள்ளே போனால் நான் தப்பிப்பேன். குறை இருந்தால் அடுத்த சுற்றில் சரிசெய்துவிடுகிறேன். இந்த ஒரு தடவை." அடியில் வானிலை வரி இல்லை.

தனக்கென்று மட்டும் ஒருவர் எழுதிய மெயிலை அவள் எத்தனை தடவை படித்திருப்பாளோ. வராந்தாவுக்கும் மேசைக்குமாக நடந்தாள். ஒரு பெயர்தான், இங்கிலீஷில் பதினோரு எழுத்தைத் தட்டினால் முடிந்தது. போட்டால் அந்த மனிதர் எழுதிக்கொண்டே இருப்பார். போடாவிட்டால் இந்த உலகத்தில் அவளுக்கு மழை வெயில் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்?

மத்தியானம் குழு மெயிலில் பதில் போனது. துண்டு போடும் வரிக்கு நேர் கீழே எழுதியிருந்தாள். "இரண்டாம் துண்டுக்குச் சீட்டு இல்லை. சோதித்துப் பார்த்தேன். இந்த நிலையில் ஏற்க முடியாது." சோதனை செய்த விதத்தையும் சேர்த்திருந்தாள். அவர் தனியாகக் கேட்டதைப் பற்றி ஒரு சொல் இல்லை. வாத்துகளை வெட்டிவிட்டிருந்தாள்.

அதன் பிறகு எமிலிடமிருந்து ஒன்றும் வரவில்லை. திருத்தங்களுக்கான சுற்று முடிந்தது. அவருடைய திருத்தம் வெளியிலேயே நின்றது. மோகனப்ரியா மற்றவர்களின் நிரலைப் படித்தாள், பிஸ்கட் தள்ளினாள், தட்டைக் கழுவினாள். பொட்டு வாங்கக் கீழே போனபோது தெய்வானை விடவில்லை.

"ஏன்த்தா மூஞ்சி செத்துப்போய்க் கெடக்கு? காச்சலா?"

"ஒண்ணுமில்லக்கா. ஒருத்தர் எழுதுவாரு, எழுதல."

"யாரு?" தெய்வானை கையிலிருந்த வளையல் பெட்டியைக் கீழே வைத்தாள். "என்ன எழுதுவாரு?"

"மழை பெய்யுது, வெயிலடிக்குதுன்னு."

"அம்புட்டுத்தானா? நான் என்னமோன்னு வளையல வச்சுட்டேன். வானிலை ஆபீஸரா?" தெய்வானை சிரித்துவிட்டு, இவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள். "சரி, நீ என்ன எழுதுன?"

"நான் ஒண்ணும் எழுதுனதில்லக்கா."

"ஒருநாளுமா?"

"ஒருநாளும் இல்ல."

"நல்லாருக்குடி நாயம். அவரு செவுத்துக்கிட்டயா பேசிட்டிருந்தாரு இத்தன நாளா?" சொல்லிக்கொண்டே சிவப்புப் பொட்டு அட்டையைப் பையில் போட்டுக் கொடுத்தாள். அதற்குள் பஸ் வந்து, ரிப்பன் கேட்டு யாரோ இறங்கிவிட்டார்கள்.

கார்த்திகை பிறந்து, மேகம் கவிந்துகிடந்த ஒரு காலைப்பொழுதில் எமிலின் திருத்தம் மறுபடியும் குழுவுக்கு வந்தது. அனுப்பியவர் முகவரியைப் பார்த்ததும் மோகனப்ரியா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். எப்போதும் நிறுவனத்தின் பெயர் இருக்கும் இடத்தில் இப்போது அவருடைய சொந்தப் பெயர் மட்டும் இருந்தது. இந்த வேலையில் இருப்பவர்களுக்கு அதற்கு விளக்கம் தேவையில்லை. வேலை போய்விட்டது. சம்பளம் தர யாரும் இல்லாமல், கேட்கவும் யாரும் இல்லாமல், வீட்டில் உட்கார்ந்து அந்த மனிதர் திருத்தத்தைச் சரிசெய்து அனுப்பியிருக்கிறார்.

பழக்கத்தில் அடிக்குப் போனாள். நிரல் முடிந்த இடத்தில் மெயிலும் முடிந்திருந்தது. கடைசி வரி இல்லை.

மேலே வந்து படித்தாள். அவள் சொன்ன இடத்தில், அவள் சொன்னபடி, ஒவ்வொரு துண்டுக்கும் சீட்டு ஒட்டியிருந்தார். பொட்டு வைத்த பிஸ்கட்டை ஒடித்து, வெறும் துண்டுக்கும் ஒரு பொட்டை ஒட்டித் தரையில் தள்ளிப் பார்த்தாள். பழைய கணினிகளை இணைத்து அனுப்பிப் பார்த்தாள். இரண்டாம் துண்டு, மூன்றாம் துண்டு, கடைசித் துண்டு, எல்லாம் தன் அடையாளத்தோடு வந்து சேர்ந்தன.

பதிலைத் திறந்தாள். வந்த வரிகளை எல்லாம் வெட்டினாள். "படித்தேன். சோதித்தேன். சரியாக இருக்கிறது" என்று எழுதி, கீழே தன் பெயரைப் போட்டாள். அனுப்பப் போன விரல் நின்றது.

பெயருக்குக் கீழே ஒரு வரி இடம் விட்டு, எழுத்தெழுத்தாகத் தட்டினாள். "இங்கே தூறல் போடுகிறது."

எழுதியதைப் படித்துப் பார்த்தாள். பிறகு அனுப்பாமல் எழுந்து போய், வராந்தாக் கதவைத் திறந்து, கம்பிக்கு வெளியே கையை நீட்டி, உள்ளங்கையை மேகத்துக்குக் காட்டிக்கொண்டு நின்றாள்.