லாக் டேபிளை வைத்து வீணைக்கு மெட்டு வைத்த கதை

மந்தைவெளி மார்க்கெட்டில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பாய் கடை கடையாகச் சாம்பிராணி போட்டுக்கொண்டு வருவார். போன வாரம் நான் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, புகையை என் மூக்குக்கு நேரே விசிறிவிட்டுப் போனார். சாம்பிராணியோடு குங்கிலியமும் கலந்திருந்தார் போலிருக்கிறது. "இன்னா பெரியவரே, காயைக் கையில வச்சிக்கினு அப்டியே நின்னுட்ட?" என்று கடைக்காரப் பெண் அதட்டிய பிறகுதான் எனக்குச் சுயநினைவு வந்தது. குங்கிலிய வாசனைக்கு மற்றவர்களுக்குக் கோயில் ஞாபகம் வரும். எனக்கு லாகரிதம் ஞாபகம் வருகிறது. அவரவர் தலையெழுத்து.

இப்போது பள்ளிக்கூடங்களில் அதை மடக்கை என்கிறார்கள். நாற்பதுகளின் தொடக்கத்தில் நான் இன்டர்மீடியட் படித்தபோது எங்களுக்கு வெறும் லாக்தான். பெருக்க வேண்டிய இரண்டு எண்களுக்கும் டேபிளில் லாக் பார்த்துக் கூட்டி, பின்பக்கத்து ஆன்டிலாக்கில் தேடினால் விடை வந்துவிடும். பெருக்கலுக்குப் பதில் கூட்டல், வகுத்தலுக்குப் பதில் கழித்தல். அது எப்படி என்று நானும் கேட்கவில்லை, வாத்தியாரும் சொல்லவில்லை. கோயிலில் தீர்த்தம் வாங்குகிற மாதிரி வாங்கிக் குடித்துவிட்டு, மீதியைத் தலையில் தடவிக்கொண்டேன்.

மயிலாப்பூரில் எங்கள் வீட்டு மாடியறை அக்காவுடையது. புகுந்த வீட்டில் அவளை வேண்டாமென்று அனுப்பிவிட்டார்கள். திரும்பி வரும்போது தன் வீணையை மட்டும் சண்டை போட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். ரேடியோவில் வாசிக்க விண்ணப்பம் போட்டு, ஒரு புதன்கிழமை தேர்வுக்கு வரச்சொல்லிப் பதிலும் வந்திருந்தது. தேறினால் அவ்வப்போது வாசித்துத் தன் சாப்பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளலாம். தேறாவிட்டால் ஆயுசு முழுக்க அடுக்களைதான், அதுவும் வருகிறவர் போகிறவர் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டு.

அது யுத்த சமயம். வெளிச்சம் தெரியக்கூடாது என்று ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தோம். கோடை வெயிலில் மாடியறை அடுப்பாகக் கொதித்தது. ஒரு மதியம் அக்கா வீணையின் உறையை எடுத்துப் பார்த்தால், தந்திக்கடியில் வரிசையாக நிற்கும் மெட்டுகளைத் தாங்குகிற மெழுகு இளகி, பித்தளை மெட்டுகளெல்லாம் ஆளுக்கொரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. வழக்கமாக மெட்டு வைத்துத் தருகிறவர், குண்டு விழப்போகிறது என்று குடும்பத்தோடு ஊருக்கு ரயிலேறிவிட்டார். பாதி மயிலாப்பூரே அப்படித்தான் காலியாகியிருந்தது.

"தந்திக்கெல்லாம் கணக்கு இருக்குன்னு அன்னிக்குப் பெருமை அடிச்சுண்டியேடா. நீயே வெச்சுக் குடு" என்றாள்.

"எனக்கு வராதுக்கா."

"வேற யார் இருக்கா இந்த ஆத்துல? புதன்கிழமை நான் வெறும் கட்டையை எடுத்துண்டு போகட்டுமா?"

குரல் உடைந்துவிட்டது. அக்கா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஒரு ஸ்தாயி, அதாவது கீழ் ஸ-விலிருந்து மேல் ஸ வரை, ஏறினால் தந்தியின் நீளம் பாதியாகிறது. அதற்குள் பன்னிரண்டு ஸ்வரஸ்தானம். ஆகவே இரண்டின் லாக்கைப் பன்னிரண்டால் வகுத்தேன். தந்தி நீளத்தின் லாக்கிலிருந்து அந்த எண்ணை ஒருமுறை கழித்தால் முதல் மெட்டு, இன்னொருமுறை கழித்தால் அடுத்தது. இரண்டு ஸ்தாயிக்கான இருபத்துநான்கு மெட்டுக்கும் கழித்துக்கொண்டே போய், ஆன்டிலாக் பார்த்து அங்குலமாக எழுதினேன். காகிதத்தின் இடதுபக்கம் லாக் எண்கள், எல்லாம் ஒரே அளவு இறக்கம். வலதுபக்கம் அங்குலத்தில் மெட்டுக்கு மெட்டு இடைவெளி சுருங்கிக்கொண்டே போனது. ஏறக்குறைய இரண்டு அங்குலத்தில் ஆரம்பித்தது கடைசியில் அரை அங்குலத்துக்கு வந்துவிட்டது.

பக்கத்தில் அக்கா மெழுகையும் குங்கிலியப் பொடியையும் உருக்கியபடி ஸ்வரங்களை முனகிக்கொண்டிருந்தாள். சட்டென்று எனக்குப் பிடிபட்டது. மரத்தில் இடைவெளி சுருங்குகிறது. அவள் காதுக்கோ எல்லாப் படியும் ஒரே உயரம். கட்டையில் பெருக்கலாக இருப்பதைக் காது கூட்டலாகக் கேட்கிறது. லாக் என்பது யாரோ வெள்ளைக்காரர் புத்தகத்துக்காகக் கண்டுபிடித்தது என்று நினைத்திருந்தேன். ஒவ்வொருவர் காதிலும் அது பிறக்கும்போதே இருக்கிறது! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அக்காவிடம் சொன்னேன். "சரி, மெழுகு ஆறிண்டிருக்கு, சீக்கிரம் அளந்து சொல்லு" என்றாள்.

அளந்து வைத்தோம். வாசித்துப் பார்த்தவள் முகம் சுளித்தாள்.

"காந்தாரம் ஏறியிருக்குடா."

"டேபிள் பொய் சொல்லாது."

"பொய் சொல்லலை. அதுக்குப் பாட்டுக் கேட்டுப் பழக்கமில்லை, அவ்வளவுதான்."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் உட்கார்ந்து கேட்டேன். என் கணக்கு பன்னிரண்டு படிகளையும் கறாராகப் பங்கு போட்டிருந்தது. அவள் காந்தாரமோ கொஞ்சம் தணிந்து உட்கார விரும்பியது. பிறகு நான் இரும்புக் கரண்டியைக் காய்ச்சி மெழுகை இளக்கித் தர, அவள் மீட்டி மீட்டி ஒவ்வொரு மெட்டாக நகர்த்தினாள். பெரும்பாலும் மயிரிழைதான் நகர்ந்தது. அந்த மட்டுக்கும் என் மானம் தப்பியது.

தேறிவிட்டாள். சில மாதம் கழித்து அவளுடைய முதல் நிகழ்ச்சியன்று நான் தியாகராய நகர்ப் பூங்காவுக்கு ஓடினேன். எங்கள் வீட்டில் ரேடியோ கிடையாது. பூங்காவில் ஒலிபெருக்கி வைத்து ஊருக்கே போடுவார்கள். வேர்க்கடலை விற்பவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றார். "யாரு நைனா வாசிக்கிறது? நல்லாக்கீது" என்றார். எங்க அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் ஒரு ஸ்வரம் தவறிவிடுமே என்று ஒலிபெருக்கிப் பக்கமே திரும்பிக்கொண்டேன்.

அதன் பிறகு அவள் யாரிடமும் கை ஏந்தவில்லை. நான் எஞ்சினியராகி, லாக் அளவுகள் பொறித்த ஸ்லைடு ரூலைத் தள்ளித் தள்ளியே காலத்தை ஓட்டினேன். இன்று ஸ்லைடு ரூலும் இல்லை, டேபிளும் இல்லை. பொத்தானை அமுக்கினால் விடை வருகிறது. அதில் எனக்கு வருத்தமில்லை. அந்தக் காலத்தில் ரேடியோவில் நேரே வாசிப்பார்கள், வாசித்ததும் காற்றோடு போய்விடும். அக்கா போய் வெகுநாள் ஆகிறது. அவள் வாசிப்பில் ஒரு பதிவுகூட எங்களிடம் இல்லை. அன்று பூங்காவில் கேட்டவர்களில் நான் ஒருவன்தான் மிச்சம் இருப்பேன். போன மாதம் பரிசோதித்த காது டாக்டர், மேல் ஸ்தாயிச் சத்தங்கள் எனக்குக் கேட்பது நின்றுவிட்டது என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை மார்க்கெட்டிலிருந்து வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, அவள் வாசித்ததை மனசுக்குள் மேல் ஸ்தாயி வரை ஓட்டிப் பார்த்தேன். இன்னும் கேட்கிறது.