மாப்பசையில் வந்த முகம்

அஜந்தினி பேசாலையிலிருந்து கலியாணம் கட்டி டென்மார்க்குக்கு வந்து பதினேழு வருசம். ஹோர்சன்ஸில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. வயசானவர்களைக் குளிக்க வார்ப்பது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு தீத்துவது எல்லாம் அவள் பொறுப்பு. யாராவது கண்ணை மூடினால் கழுவித் துடைத்து, தலை வாரி இழுத்து, நல்ல உடுப்புப் போட்டுக் கிடத்துவதும் பெரும்பாலும் அவள்தான். மற்றவர்கள் தயங்குகிற வேலை அது. "எப்பிடியடி தொடுறாய்?" என்று மாதா கோயிலில் பெண்கள் கேட்டால், "நேற்றுவரைக்கும் தொட்ட ஆக்கள்தானே" என்பாள். அதற்குமேல் கதைக்கமாட்டாள். இல்லத்தில் நடப்பதை வெளியில் சொல்லக்கூடாது என்று கையெழுத்து வைத்திருக்கிறாள்.

ஒக்ரோபர் நடுவில் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு அறிவித்தல் வந்தது. ஹலோவீனுக்கு இந்த முறை யாரும் கடையில் உடுப்பு வாங்கக்கூடாது, வீட்டில் கிடக்கிற சாமான்களால்தான் செய்யவேண்டும். ஒன்பது வயது மகள் சாருஜா சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் ஓடிவந்தாள். தனக்குச் சூனியக்காரி வேசம் வேண்டுமாம். நீட்டு மூக்கு, நாடியில் ஒரு பரு. கீழ்வீட்டு அன்னாவுக்கு ஆறு வயது. அவளுக்குப் பூனை. "ரெண்டையும் நீங்களே செய்து விடுங்கோ அக்கா" என்று அன்னாவின் தாய் கெஞ்சிவிட்டுப் போனாள்.

அஜந்தினிக்கு அது விருப்பமான வேலை. கறுப்புக் குப்பைப் பைகளை வெட்டி ஒட்டி மேலங்கி ஆக்கினாள். நிலம் துடைக்கிற பழைய மொப்பின் நூல்களைக் கோப்பித் தண்ணியில் ஊறவைத்ததும் அழுக்கு நரைமயிர் ஆயிற்று. பிறகு கோதுமை மாவைக் காய்ச்சிப் பசையாக்கினாள். பலூன் ஒன்றை ஊதிக் கிண்ணத்தின்மேல் இருத்தி, விளம்பரத் தாள்களைக் கீலம் கீலமாகக் கிழித்து ஒட்டத் தொடங்கினாள். மூக்குக்கு முட்டைப் பெட்டியின் கூம்பு. பருவுக்கு ஒரு கடலை. கை தன்பாட்டுக்கு ஒட்டிக்கொண்டிருக்க, வாய் சாருஜாவிடம் வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருந்தது.

இரண்டு நாள், வீட்டைச் சூடாக்கும் கீற்றருக்கு மேலே காய்ந்தது. பலூனை உடைத்து எடுத்தபோது மூக்கு அமர்ந்துபோயிருந்தது. கன்னம் இரண்டும் உள்ளே விழுந்திருந்தன. வாய் இடப்பக்கமாக இழுபட்டிருந்தது.

சாருஜா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது சூனியக்காரி இல்லை அம்மா," என்றாள் டெனிஷில். "இது யாரோ ஒரு ஆள்."

"பசை தண்ணியாப் போச்சு பிள்ளை. அதுதான் இழுத்துப்போட்டுது."

பூனைக்குப் பசையை இறுக்கமாகக் காய்ச்சினாள். இந்த முறை கண்ணை எடுக்காமல் ஒட்டினாள். வட்ட முகம், கூர்க் காது இரண்டு, சின்ன மூக்கு. கடைசியாக நாடிக்குக் கீழே ஒரு கீலத்தை வைத்துப் பெருவிரலால் மேலே தள்ளி அழுத்தியபோது கை அப்படியே நின்றது. அந்த அழுத்தல் அந்தக் கைக்குப் பழக்கமானது.

மூன்று கிழமைக்கு முன்னர் இல்லத்திலிருந்த எல்சே செத்துப்போனா. எண்பத்தொன்பது வயது, பாரிசவாதம் வந்து வாய் இடப்பக்கம் இழுத்துப்போன மனுசி. ஒரு முற்பகலில் மூச்சு நின்றது. அஜந்தினிதான் முகத்தைத் துடைத்தாள். வாய் மூடவில்லை. துவாயைச் சுருட்டி நாடிக்குக் கீழே கொடுத்து, பெருவிரலால் மேலே தள்ளி, நிலைக்கும்வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தாள். அதே ஊரிலிருந்த மகன் பெட்டி மூடியபிறகுதான் வந்தார். திறந்து காட்டவா என்று இரண்டு தரம் கேட்டார்கள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, விறாந்தையிலேயே நின்றுவிட்டுப் போனார்.

பூனையும் காய்ந்தது. காது இரண்டும் கூராகத்தான் இருந்தன. அதற்குக் கீழே அதே ஒட்டின கன்னம், அதே இழுபட்ட வாய்.

வேலையால் வந்த புருசன் சுஜிந்தன் மேசையில் இரண்டையும் பார்த்தான். "என்னப்பா, இரட்டைப் பிள்ளையள் மாதிரிக் கிடக்கு?"

"என்ரை கைதான் ஏதோ செய்யுது."

"கை களைச்சுப்போச்சு. விட்டுட்டு வேறை ஏதும் செய்யுமன்."

அவள் பூனையைக் கசக்கிக் குப்பைக்குள் போட்டாள். கசங்கும்போது நீட்டி மூச்சு விட்டதுபோல ஒரு சத்தம் வந்தது. தாளுக்குள் அடைபட்ட காற்றாகத்தான் இருக்கவேண்டும். மற்றதையும் எடுக்கப்போனாள். சாருஜா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தரமாட்டேன் என்று அழுதாள். சரி போ என்று அஜந்தினி, கேக்குக்குப் போடுகிற பச்சை நிறத்தைப் பசையில் கலந்து பூசிவிட்டாள். விடியப் பார்த்தபோது பச்சை மங்கிச் சாம்பலாகியிருந்தது.

அன்னாவுக்குக் கடுதாசிப் பெட்டியும் அலுமினியத் தாளும் வைத்து ஒரு றோபோ செய்தாள். அது ஒரு கரைச்சலும் தராமல் றோபோவாகவே வந்தது.

ஹலோவீன் வெள்ளிக்கிழமை வந்தது. பின்னேரம் ஐந்தரைக்கே இருட்டிவிட்டது. பூசணிக்காய் விளக்கு எரிகிற வீடுகளில் மட்டும்தான் மணி அடித்து இனிப்புக் கேட்கலாம் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். அஜந்தினி பிள்ளைகளுக்குப் பின்னால் நடந்தாள்; அன்னா பெட்டி கடகடக்க முன்னால் போனாள். சாருஜா வழக்கத்தில் வாய் ஓயாதவள். முகமூடியைப் போட்டதிலிருந்து ஒரு சொல் இல்லை. காலை இழுத்து இழுத்து நடந்தாள்.

"என்ன பிள்ளை, சப்பாத்துக் கடிக்குதோ?"

"இல்லை." கொஞ்சத் தூரம் போய்ச் சொன்னாள்: "அம்மா, உள்ளே மூச்சுச் சத்தம் கேட்கிறது."

"அது உன்ரை மூச்சுத்தான்."

"நான் விட்டு முடித்த பிறகுதான் அது விடுகிறது."

அஜந்தினி "போதும், கழட்டு!" என்று கிட்டப் போவதற்குள் சாருஜா தெருவைக் கடந்துவிட்டாள். பூசணி விளக்கு இல்லாத, வாசல் லைற்றும் எரியாத ஒரு செங்கல் வீடு. நேரே போய் மணியை அடித்தாள்.

"அங்கை வேண்டாம்! லைற் இல்லை, வா இஞ்சாலை!"

கதவு திறந்தது. கம்பளிச் சட்டை போட்ட, அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர். எல்சேயின் மகன்.

அவர் பிள்ளையைப் பார்த்தார். உதடு அசைந்தது. அம்மா என்பதற்கான டெனிஷ் சொல் கேட்டும் கேட்காததுமாய் வந்தது. சாருஜா அசையவில்லை. சொல்லவேண்டிய வசனத்தையும் சொல்லவில்லை. அன்னாதான் பெட்டிக்குள்ளிருந்து கத்தினாள்: "இனிப்பா, குழப்படியா!"

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மெல்ல முழங்காலில் இருந்தார். "இதை யார் செய்தது?"

அஜந்தினி வெளிச்சத்துக்கு வந்தாள். வேலை போய்விடும் என்றுதான் முதலில் நினைத்தாள். செத்த மனுசியின் முகத்தைப் பிள்ளைக்கு விளையாடக் கொடுத்தவள் என்று நாளைக்கு முறைப்பாடு போகும். "நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்."

"நீங்கள் இல்லத்தில் வேலை செய்கிறவர்."

"ஓம். கடைசியாக அவவைக் கழுவினது நான்."

"வாய் இப்படித்தான் இருந்ததா?"

கேட்கிறவர் மகன். மகனுக்குச் சொல்லலாம். "இப்படித்தான்," என்றாள். "நான் பிடித்துக்கொண்டிருந்தேன்."

"எனக்குப் பயம். அதுதான் திறக்க விடவில்லை. அன்றிலிருந்து கண்ணை மூடினால் ஒரு முகம் வருகிறது. அது எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவும் முடியாது." சாருஜாவின் முகமூடியை உற்றுப் பார்த்தார். "இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

ஒற்றை விரலால் அந்தச் சாம்பல் கன்னத்தைத் தொட்டார். அப்போது சாருஜா இரண்டு கையாலும் முகமூடியைக் கழற்றினாள். வேர்த்து, நெற்றியில் மயிர் ஒட்டிய, மூக்குச் சிவந்த பிள்ளை முகம். அவர் அழுதாரா சிரித்தாரா என்று அஜந்தினிக்குத் தெரியவில்லை. வீட்டில் இனிப்பில்லை என்று உள்ளே போய் ஆளுக்கொரு பேரிக்காய் கொண்டுவந்தார். முகமூடியைத் தான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அஜந்தினி வாயெடுக்கமுன்னர் சாருஜா அதை நீட்டிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மரித்தவர்களின் நாள். கோயிலில் பூசைக்குப் பெயர் எழுதிக் கொடுக்கிற தாளில், தன் தகப்பனின் பெயருக்குக் கீழே எல்சே என்று எழுதினாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் மகளிடம் கேட்டாள்.

"அண்டைக்கு ஏன் பிள்ளை அந்த வீட்டு மணியை அடிச்சனி?"

"நீங்கள்தானே சொன்னீர்கள்."

"நானோ?"

"பின்னால் வந்து, காதுக்குக் கிட்ட. இந்த வீடுதான் என்று. டெனிஷில் சொன்னீர்கள், எனக்கே புதினமாக இருந்தது."

மகள் டெனிஷில் கதைத்தாலும், அஜந்தினி மகளோடு ஒருநாளும் டெனிஷ் கதைத்ததில்லை. அன்றைக்குப் பிள்ளை தெருவைக் கடக்கிறபோது தான் இருபது அடி பின்னால் நின்றாள். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டாள். இறங்குகிற தரிப்பு வந்தும் விடவில்லை.

திங்கட்கிழமை இல்லப் பொறுப்பாளரிடம் போய், பஸ்ஸில் கேட்டதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னாள். அந்த அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, எல்சேயின் மகன் காலையிலேயே போன் எடுத்து நன்றி சொன்னார் என்றா. கழுவுகிற வேலையைக் கொஞ்ச நாளைக்கு வேறு ஆளிடம் கொடுக்கவா என்று கேட்டா. அஜந்தினி யோசித்துவிட்டு வேண்டாம் என்றாள்.

இப்போது இல்லத்தில் யாராவது போய்ச் சேர்ந்தால், உள்ளே வரப் பயந்து வெளியில் நிற்கிற மகன் மகள்மாரிடம் அவள் போகிறாள். முகம் எப்படி இருக்கிறது, வாய் எப்படி, கை எந்த நிறம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, "நானும் கூட வாறன்" என்கிறாள். சிலர் வருகிறார்கள். சிலர் அந்தச் சொல்லைக் கேட்டதோடு போய்விடுகிறார்கள்.