இனிப்பு ஒயின் பீப்பாயும் என் மூக்கும்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு அந்த சிங்கிள் மால்ட் பாட்டிலைத் திறந்தேன். குடிக்க அல்ல, ஆராய்ச்சிக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மருமகன் போன முறை விமான நிலையத்தில் வாங்கி வந்தது. விருந்து முடிந்தபின் குடிக்கிற இனிப்பு ஒயின் இருந்த பீப்பாயில் இந்த விஸ்கியைக் கடைசிச் சில மாதங்கள் போட்டு வைப்பார்களாம். மரத்தில் ஊறிய ஒயின் வாசம் விஸ்கிக்கு ஏறுமாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. திருவொற்றியூரிலிருந்து தினமும் துறைமுகம் போய் நான் செய்கிற வேலை இதற்கு நேர் எதிர். சமையல் எண்ணெய் ஏற்றுவதற்கு முன் டேங்கர் லாரிக்குள் தலையை விட்டு மோந்து பார்ப்பேன். போன தடவை ஏற்றியதன் வாடை துளி இருந்தாலும் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவேன். அங்கே குற்றம், இங்கே அதற்குக் கூடுதல் விலை!

உலர்திராட்சை, தேன், ஆரஞ்சுத் தோல் என்று அட்டையில் போட்டிருந்தது. கண்ணாடி டம்ளரில் இரண்டு விரல் ஊற்றி மோந்தேன். தண்ணீர். மறுபடி மோந்தேன். நல்ல சுத்தமான தண்ணீர். ஒரு வாய் குடித்தேன். தொண்டை எரிந்தது, நாக்கில் லேசாக இனித்தது, அவ்வளவுதான். போன வாரக் காய்ச்சல் போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது.

அந்த மூக்குக்குத்தான் எனக்குச் சம்பளம். திங்கள் காலை வண்டிகள் வரிசையில் நிற்கும். தெரியாமல் கையெழுத்துப் போட்டால் யாரோ வீட்டுக் குழம்பில் டீசல் வாடை வரும்.

பெருங்காய டப்பாவை மோந்தேன். கற்பூரத்தை மோந்தேன். செருப்பை மோந்தேன். எல்லாமே போலிச் சரக்கு என்று மனசு எனக்காக வாதாடியது, செருப்பு உட்பட. வளர்ந்த ஒரு மனிதன் செருப்பை முகத்தில் அழுத்திக்கொண்டு கூடத்தில் நிற்பதைப் பார்த்துச் சிரிக்க வீட்டில் ஆள் இல்லை. மனைவி, பேரனைப் பார்த்துக்கொள்ள மகள் வீட்டுக்குப் போய் எட்டு மாதம். ஜன்னலைத் திறந்தேன். எண்ணூர்ப் பக்கத்து ரசாயன ஆலைக் காற்று முகத்தில் அடித்தது. அதுவே தெரியவில்லை என்றால் வேறு அத்தாட்சி எதற்கு?

இன்னொரு மூக்கு வேண்டியிருந்தது. வாசலில் வாரம் தவறாமல் வரும் மீன்காரம்மா கூடையை இறக்கினார். டம்ளரை நீட்டினேன்.

“யக்கா, இத்த கொஞ்சம் மோந்து சொல்லு.”

“இன்னா நைனா, பட்டப்பகல்ல சரக்க நீட்ற? வூட்டம்மா ஊர்ல இல்லன்னா துளிர் வுட்டுப் போச்சா?”

“குடிக்க வேணாம். வாசன மட்டும்.”

டம்ளரை வாங்கிக் கண்ணை மூடி மோந்தார். “பாயசத்துக்கு நெய்ல திராட்ச வறுப்பாங்களே, அது மாரி கீது. ஆரஞ்சி முட்டாயி வாசனயும் கீது. ஏன், உனுக்குத் தெரிலயா?”

“தெரியுது, தெரியுது.”

“அப்ப இத்த மோந்து சொல்லு.” ஒரு சங்கரா மீனை எடுத்து என் மூக்குக்கு நேராகப் பிடித்தார்.

லாரிக்குள் தலையை விடும்போது வைத்துக்கொள்கிற அதே முகத்தை வைத்துக்கொண்டேன். “புத்தம் புதுசு. கடல் வாசன அப்பிடியே கீது.”

“நேத்து மீனு, நைனா. கருவாட்டுக்குன்னு ஒதுக்கி வச்சது.” சிரித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “ஆஸ்பத்திரிக்குப் போ” என்று சொல்லிக் கூடையைத் தூக்கிக்கொண்டார்.

உள்ளே வந்து சூப்பர்வைசருக்குப் போன் செய்தேன். என்னைவிட இளையவன். “நாளைக்கு வரலப்பா. மூக்கு வேல செய்யல.”

“காலைலயே ஆரம்பிச்சுட்டியாண்ணே? போன மாசம் காது வேல செய்லன்ன.”

சொன்னது வாஸ்தவம்தான். ஒரு மீட்டிங்கிலிருந்து தப்பிப்பதற்காக.

“நெசமாத்தாம்பா.”

“மூக்கு லீவ் லெட்டர் குடுத்துச்சா?”

வேறு நாளாக இருந்தால் பதிலுக்கு ஒன்று வைத்திருப்பேன். அன்று போனைக் காதில் வைத்தபடியே பெருங்காய டப்பாவைத் திறந்து மறுபடி மோந்தேன். அந்தப் பக்கம் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து நின்றது.

“அண்ணே... வூட்ல கூட யாரு கீறாங்க?”

“கீறாங்கப்பா, கீறாங்க” என்றேன். வெளியே மீன்காரம்மா கூவும் குரல் அடுத்த தெருவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.