வைன் சாஸும் அப்பாவின் மூச்சும்

திங்கட்கிழமை புதுச்சேரி ஹோட்டல் ஒன்றில் எனக்குச் சமையல் தேர்வு. பழத்துக்கும் ஐஸ்கிரீமுக்கும் மேலே ஊற்றும் வைன் கஸ்டர்ட் சாஸைச் செய்துகாட்டினால் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், கேட்டரிங் முடித்தவள். ஆனாலும் இந்த ஒரு சாஸ் கல்லூரியில் என் கையில் திரிந்துகொண்டே இருந்தது. பழகிப் பார்க்க ஒரு சின்ன வைன் பாட்டிலோடு வீட்டுக்கு வந்தேன்.

கருணாபுரத்துக் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு எங்கள் தெருப் பெண்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். வேலைக்குப் போன ஆண்கள் வாசலில் நின்று ஊதிக்காட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். குடியை விட்ட அப்பாவும் தினமும் ஊதுகிறார்.

"உங்கப்பன் வர நேரத்துல இன்னாடி இத வச்சிக்கினு உக்காந்திருக்க?" என்றாள் அம்மா.

இது வெறும் திராட்சை, அடுப்புச் சூட்டில் போதை குறைந்துவிடும் என்று விளக்கினேன்.

"படிச்சவ சொன்னா சாராயம் தண்ணியாயிடுமா?"

கெஞ்சியதில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள். பாட்டில் அவள் மடியில்தான் இருக்கும். நான் கேட்கக் கேட்க இருமல் மருந்து மூடியில் அளந்து தருவாள். வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்து, முட்டை மஞ்சள் கருவையும் சர்க்கரையையும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தேன். அவளோ ஒவ்வொரு முறையும் முந்தானையால் மூக்கை மூடி, மெதுவாகத் திறந்து, ஊற்றி, மறுபடி இறுக்கி மூடினாள். அதற்குள் முட்டை கட்டியாகிவிட்டது.

"இதுக்கு வெங்காயம் போட்டு வதக்கியிருக்கலாம்" என்றாள் எட்டிப் பார்த்து. எனக்கு அழுகையே வந்தது.

மறுபடி முட்டை உடைக்கும்போது அப்பா கட்டட வேலையிலிருந்து வந்தார். வாசலில் நின்று ஊதினார். அம்மா இன்னொரு தரம் ஊதச் சொன்னாள். பிறகு இன்னொரு தரம். வீடே வைன் வாசனை. அவர் மூச்சா, என் கிண்ணமா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

நான் பல்லைக் கடித்தேன். அப்பா கோபப்படவில்லை. உள்ளேயும் வரவில்லை.

"எனக்கு இந்த வாசன வேணாம்மா. டீக்கடையில இருக்கேன். நீ நல்லா செஞ்சி முடி, அப்பறம் கூப்புடு."

கால் சிமெண்டைக்கூடக் கழுவாமல் திரும்பி நடந்தார்.  அம்மா பாட்டிலை என் பக்கத்தில் வைத்துவிட்டு ஜன்னலைத் திறக்கப் போனாள்.

இந்த முறை சாஸ் நுரைத்து, கெட்டியாகி, கரண்டியில் பட்டுப்போல் ஒட்டி நின்றது. ருசி பார்க்க நேரமில்லை. கிண்ணத்தை மூடி வைத்துவிட்டு, அம்மாவோடு சேர்ந்து நானும் முறத்தால் வாசனையை வெளியே விசிறத் தொடங்கினேன்.